67 வயதில் ஒரு காதல் கடிதம்!

கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழுக்குத் தந்த கஜல்

ராசிங்காபுரத்தில் கோழி கூவுவதற்கு முன்பே ஜீப் உறுமிவிடும்.

தூக்குச் சட்டியில் சோறு. தலையில் ஒரு துண்டு. பெண்கள் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். போடிநாயக்கனூர் தாண்டினால் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் போடிமெட்டு. அதற்கும் அப்பால் ஏலத் தோட்டங்கள்.

ஏலக்காய் எங்கே காய்க்கும் தெரியுமா? மாங்காய் போல மேலே தொங்காது. செடியின் அடியில் இருந்து சரம் கிளம்பும். தரையோடு தரையாக ஓடும். அந்தச் சரத்தில்தான் காய் பிடிக்கும். குனிந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும்.

ஒரே சரத்தில் ஒரு காய் முற்றியிருக்கும். அடுத்த காய் பிஞ்சாக இருக்கும். நுனியில் அப்போதுதான் பூ விரிந்திருக்கும். முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் வந்து குனிய வேண்டும்.

எடுத்த காயை ஸ்டோரில் போட்டு, சூடேற்றி உலர்த்துவார்கள். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். நீர் போய்விடும். வாசனை நின்றுவிடும்.

கவிதையிலும் இப்படி ஒரு வகை உண்டு. ஒரே சரத்தில் தனித்தனிக் காய்கள். ஒவ்வொன்றும் சிறியது. உடைத்தால் வாசனை ஊரைக் கூட்டும்.

அதற்குப் பெயர் கஜல்!

அரபு நாட்டில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, உருதுவில் பெரும் புகழ் பெற்றது கஜல். அதைத் தம் முதிய வயதில் தமிழில் எழுதிப் புத்தகமாக்கினார் ஒரு கவிஞர். அவர் வேறு எங்கோ பிறந்தவர் அல்ல. போடியில் ரெயில் ஏறினால் போய்ச் சேரும் மதுரையில் பிறந்தவர்.

அவர்தான் கவிக்கோ அப்துல் ரகுமான்.

வீட்டில் உருது, வெளியே தமிழ்

அப்துல் ரகுமான் 1937-ம் ஆண்டு நவம்பர் மாதம் மதுரையில் பிறந்தார். அவருடைய தந்தை உருது மொழியில் கவிதை எழுதியவர். ஆகவே கவிதை அந்த வீட்டுக்குப் புதியது அல்ல.

வீட்டுக்குள் உருது. வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். பிள்ளை இரண்டையும் கேட்டு வளர்ந்தான்.

அவர் தேர்ந்தெடுத்தது தமிழை! மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தார். 1961-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார். அங்கே சுமார் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். தமிழ்த் துறைக்குத் தலைவராகவும் இருந்தார். புதுக்கவிதையில் குறியீடு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார்.

1974-ல் "பால்வீதி" என்ற அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு கவியரங்கம் என்றால் அப்துல் ரகுமான் பெயர் இல்லாமல் இருக்காது. அவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார். அடுத்த வரிக்காகக் கூட்டம் காத்திருக்கும். சொன்னதும் கைதட்டல் அதிரும்.

சினிமாவுக்குப் பாட்டு எழுத அழைப்பு வந்தது. மறுத்துவிட்டார். பணம் வருமே என்று நண்பர்கள் சொல்லலாம். கவிதைதான் தம் தொழில் என்று அவர் இருந்துவிட்டார்.

1999-ல் "ஆலாபனை" என்ற நூலுக்காக அவருக்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றாயிற்று. நாட்டின் பெரிய இலக்கியப் பரிசும் வந்துவிட்டது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் என்ன வேண்டும்? சாய்வு நாற்காலியில் சாய்ந்து, பழைய பெருமையைப் பேசிக்கொண்டு இருக்கலாம் அல்லவா?

அவர் அப்படி இருக்கவில்லை. 2004-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் "மின்மினிகளால் ஒரு கடிதம்". அப்போது அவருக்கு 67 வயது நெருங்கிக்கொண்டு இருந்தது.

புத்தகம் முழுவதும் கஜல்! கஜல் என்றால் காதல்!

கஜல் என்றால் என்ன?

"கஜல்" என்பது அரபுச் சொல். காதல் பேச்சு என்று பொருள் சொல்லலாம்.

அது இரண்டு இரண்டு அடியாக நடக்கும். இரண்டு அடி சேர்ந்தது ஒரு கண்ணி. உருதுவில் அதை "ஷேர்" என்பார்கள். ஐந்து கண்ணியோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு கஜல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் கண்ணியில் மழையைப் பற்றிச் சொன்னால், இரண்டாவது கண்ணியிலும் மழையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்பது இல்லை. அங்கே சிற்பியைப் பற்றிச் சொல்லலாம். மூன்றாவதில் மரணத்தைப் பற்றிச் சொல்லலாம். ஒவ்வொரு கண்ணியும் தனித்து நிற்க வேண்டும். பிய்த்து எடுத்தாலும் பொருள் தர வேண்டும்.

அப்படியானால் அவற்றைச் சேர்த்துக் கட்டுவது எது? ஓசைதான்.

ஒவ்வொரு கண்ணியின் கடைசியிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அதற்கு "ரதீப்" என்று பெயர். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓசை ஒத்த வேறு வேறு சொற்கள் வரும். அதற்குக் "காபியா" என்று பெயர்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விளங்குவதற்காக நாமே இரண்டு கண்ணிகள் கட்டிப் பார்க்கலாம். இவை கவிக்கோ எழுதியவை அல்ல.

மழை கேட்கவில்லை, ஒரு துளி போதும்;
வழி காட்ட விளக்கின் ஒளி போதும்.

கல்லுக்குள் தூங்கும் சிலை விழிக்கக்
கை பழகிய சின்ன உளி போதும்.

"போதும்" என்ற சொல் திரும்ப வருகிறது. அது ரதீப். துளி, ஒளி, உளி என்பவை காபியா. முதல் கண்ணியில் இரண்டு அடியும் அப்படி முடிய வேண்டும். அதற்குப் பிறகு இரண்டாம் அடி மட்டும் முடிந்தால் போதும். முதல் கண்ணி மழையையும் விளக்கையும் சொல்கிறது. அடுத்தது கல்லையும் சிலையையும் சொல்கிறது. பொருள் வேறு; ஓசை ஒன்று.

கடைசிக் கண்ணியில் கவிஞர் தம் பெயரைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடுவது போல!

தெற்கில் இருந்து டில்லிக்கு!

கஜல் என்றால் டில்லி, லட்சுமணபுரி என்றுதான் பலர் நினைப்பார்கள். உருது கஜல் முதலில் தழைத்தது தெற்கே, தக்காணத்தில்!

ஐதராபாத் நகரத்தை அமைத்த சுல்தான் முகமது குலி குதுப் ஷா 1612-ல் இறந்தார். அவர் அரசர் மட்டும் அல்ல. தக்காண உருதுவில் கஜல் எழுதிய கவிஞர். பிறகு வலி என்ற தக்காணத்துக் கவிஞர் 1700-ம் ஆண்டில் டில்லிக்குப் போனார். அங்கே அதுவரை பாரசீக மொழிக்குத்தான் மதிப்பு. மக்கள் பேசும் மொழியிலும் இவ்வளவு அழகாக எழுத முடியுமா என்று டில்லிக்காரர்கள் வியந்தார்கள். தாங்களும் எழுதத் தொடங்கினார்கள்.

அந்த வழியில் வந்தவர்தான் மிர்சா காலிப். 1797-ல் ஆக்ராவில் பிறந்து, 1869-ல் டில்லியில் மறைந்தார். அவருக்குப் பிறந்த குழந்தைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வீட்டில் கடன். நாட்டில் கலகம். அத்தனைக்கும் நடுவே அவர் எழுதிய இரண்டு இரண்டு அடிகளை இன்றும் வட நாட்டில் கடைக்காரரும் வண்டிக்காரரும் சொல்லக் கேட்கலாம்.

காலிப் யாருடைய சபையில் இருந்தார்? கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா சபர் சபையில். அந்த மன்னரும் கஜல் கவிஞர். 1857-ல் நடந்த புரட்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். நாடு போயிற்று. மகன்கள் போனார்கள். 1862-ல், 87 வயதில், அந்த அந்நிய மண்ணிலேயே அவர் கண் மூடினார். அவருடைய சிம்மாசனம் இன்று இல்லை. அவருடைய கஜல்கள் இருக்கின்றன!

கஜல் இளைஞர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் இந்தக் கிழவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வந்தவர் விருந்தாளியா, சொந்தக்காரரா?

"நம் தமிழுக்கு எதற்கு ஐயா கஜல்? இங்கே இல்லாத பாட்டா?" என்று சிலர் கேட்கலாம்.

நல்ல கேள்விதான். ஆனால் வாசலில் வந்து நிற்பவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முகச்சாயல் எங்கேயோ பார்த்தது போல இல்லையா?

இரண்டு அடியில் பாட்டு. ஒவ்வொன்றும் தனியாக நின்று பொருள் தரும். இது நமக்குப் புதியதா? திருவள்ளுவர் 1330 குறளை அப்படித்தான் தந்தார். அதிலும் 250 குறள் காமத்துப்பால்! காதலைப் பற்றி இரண்டே அடியில் எத்தனை சொல்லலாம் என்று வள்ளுவர் எப்போதோ காட்டிவிட்டார்.

சரி, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது? அதுவும் உண்டு. தாயுமானவரின் பராபரக்கண்ணியை வீட்டில் பாட்டிமார் பாடக் கேட்டிருப்பீர்கள். 300-க்கும் மேற்பட்ட கண்ணிகள். அத்தனையும் "பராபரமே" என்ற ஒரே சொல்லில் வந்து முடியும். உருதுக்காரர் கேட்டால், "இது ரதீப் அல்லவா!" என்று துள்ளிக் குதிப்பார்.

கடவுளையே காதலியாகக் கருதிப் பாடுவது? குணங்குடி மஸ்தான் சாகிபு அப்படிப் பாடினார். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்து, சென்னையில் 1838-ல் மறைந்தவர் அவர். இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக நினைத்து அவர் கண்ணி கண்ணியாக உருகினார். கடவுளைக் காதலனாகக் கொண்டு பாடிய ஆண்டாளை நாம் மறக்க முடியுமா?

இன்னும் ஒன்று. தமிழ் முஸ்லிம் புலவர்கள் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று அரபு, பாரசீக வழி வந்த பாட்டு வகைகளைத் தமிழில் பல நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். கதை சொல்வது கிஸ்ஸா. கேள்வியும் பதிலுமாக வருவது மசலா. இறைவனிடம் முறையிடுவது முனாஜாத்து. தமிழ் அத்தனைக்கும் இலை போட்டுச் சோறு பரிமாறியது. அதனால் தமிழ் குறைந்துவிடவில்லை, பந்திதான் பெரிதாயிற்று.

ஆகவே கஜல் நம் வீட்டுக்கு வந்தபோது, அந்நியராக வரவில்லை. வெகு நாள் பிரிந்திருந்த உறவினர் ஊர் திரும்பியது போலத்தான் வந்தது.

கவிக்கோ இதை அறிந்தவர். உருதுவும் அவருக்குத் தெரியும். தமிழ் இலக்கணமும் தெரியும். உருதுக் கட்டுப்பாடு அத்தனையையும் தமிழின் தலையில் அவர் ஏற்றவில்லை. கஜலின் உயிரை எடுத்துக்கொண்டார். இரண்டு அடி, தனித்து நிற்கும் கண்ணி, "நீ" என்று அழைக்கும் உருக்கம். அந்த உயிருக்குத் தமிழ்ப் புதுக்கவிதையின் எளிய உடையை உடுத்தினார். படிக்கிறவர் அகராதியைத் தேட வேண்டாம்.

இந்த வயதில் காதலா?

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வயதானவர் கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கொண்டால் போதும். "என்ன மாமா, புதுமாப்பிள்ளையா?" என்று கேலி செய்வார்கள். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசினால் பேரப்பிள்ளைகளே கண்ணடிக்கும். காதல் என்றால் இருபது வயதோடு முடிந்துவிட வேண்டும் என்பது நம் கணக்கு.

அந்தக் கணக்கு சரிதானா?

இருபது வயதில் காதல் கேட்கும். "எனக்கு நீ வேண்டும்" என்று அடம் பிடிக்கும். கிடைக்காவிட்டால் அழும். அறுபது வயதில் காதலுக்கு வேறு முகம். யார் யாரையோ இழந்தாயிற்று. எது நிற்கும், எது போகும் என்று தெரிந்துவிட்டது. அப்போது மனிதன் எதை நேசிக்கிறானோ, அதுவே அவனுடைய உண்மையான செல்வம்.

கஜலில் வரும் "நீ" யார்? காதலியா, கடவுளா? உருதுக் கவிஞர்கள் இதை வேண்டும் என்றே திறந்து விடுவார்கள். உலகக் காதல் என்று படித்தால் அப்படியும் பொருள் வரும். இறைவன் மேல் கொண்ட காதல் என்று படித்தால் அப்படியும் பொருள் வரும். மணமாகாத பெண் படித்தால் ஒருவன் முகம் தெரியும். பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் போய் வரும் பெரியவர் படித்தால் வேறொரு முகம் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் படித்தால்? அவளுக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியும்.

இப்படி ஒரு "நீ"யை எழுத இளமை மட்டும் போதாது. முற்றிய காயைத்தான் பறிக்க வேண்டும். கவிக்கோவின் கஜலும் முற்றிய பிறகு பறித்த காய்தான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. வாழ்நாள் முழுவதும் தமிழ் கற்பித்தவர் அவர். தமிழிலேயே புகழ் பெற்றவர். முதிய வயதில் அவர் எடுத்துக்கொண்டதோ, தந்தையின் மொழி கொண்டாடிய பாட்டு வகை! பிறந்த வீட்டுச் சொத்தைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டு வரும் பெண்ணைப் போல, அவர் கஜலைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். இரண்டு வீட்டுக்கும் அதனால் பெருமைதான்.

மின்மினி வெளிச்சம்

புத்தகத்தின் பெயரை மறுபடியும் பாருங்கள். மின்மினிகளால் ஒரு கடிதம்!

மழைக் காலத்து இரவில் மலையடிவாரத்து ஊர்களில் மின்மினி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கணம் மின்னும். அணைந்துவிடும். கொஞ்சம் தள்ளி மறுபடியும் மின்னும். நடுவில் இருள். அந்த இருளில் அது எந்தப் பக்கம் போயிற்று என்று நாம்தான் ஊகிக்க வேண்டும்.

கஜலும் அப்படித்தான். ஒரு கண்ணி மின்னுகிறது. பிறகு இருள். அடுத்த கண்ணி வேறோர் இடத்தில் மின்னுகிறது. இடையில் உள்ள இருட்டைப் படிக்கிறவர் தம் வாழ்க்கையைக் கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பெரிய புத்தகத்தைப் படிக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் படிப்பது மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டு அடி? அதைப் படிக்கலாம். ஒன்றைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, நாள் முழுவதும் அதை மனதில் போட்டு மெல்லலாம். ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வது போல!

கவிக்கோ அந்த ஒரு நூலோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே, 2005-ல், "ரகசியப்பூ" வந்தது. பேனா ஓயவில்லை. 2017-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி, 79-வது வயதில், சென்னையில் அவர் காலமானார்.

இரண்டே அடி!

மாலை ஆகிறது. மலையில் இருந்து ஜீப்கள் இறங்குகின்றன. ராசிங்காபுரத்தில் பெண்கள் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்கள். பகல் முழுவதும் குனிந்திருந்த முதுகு. கையில் ஏலக்காய் வாசனை. அது குளித்தாலும் போகாது.

போடி மலையில் விழும் மழை கொட்டகுடி ஆறாக இறங்குகிறது. வைகையில் சேர்ந்து மதுரைக்குப் போகிறது. மதுரையில் பிறந்த ஒருவரின் கவிதை மலையடிவாரத்துக்கு வந்து சேரக் கூடாதா? வரலாம். அதற்கு ஒரு புத்தகமும், அதைத் திறக்கும் ஒரு கையும் போதும்.

வீட்டில் பாட்டி இருந்தால் இன்று இரவு பராபரக்கண்ணியில் இரண்டு கண்ணி பாடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தால் குறளில் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு நூல்நிலையத்தில் "மின்மினிகளால் ஒரு கடிதம்" இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

அந்தக் கடிதத்தின் உறை மேல் யார் பெயரும் எழுதி இருக்காது. 67 வயதை நெருங்கிய ஒருவர் அன்போடு எழுதியது. யார் பிரிக்கிறார்களோ, அவர்களுக்கு வந்த கடிதம் அது!